மூக்குகள் தீர்ப்புச் சொன்ன படம்

உலகத்திலேயே மிகச் சிறந்த படத்தின் விலை வெள்ளிக்கிழமை காலை நானூற்று ஐம்பது டாலர். மதியச் சாப்பாட்டுக்குள் முந்நூறு. சாயங்காலம் நூற்று இருபது. சனிக்கிழமை காலையில், கொலம்பஸ் ஹோட்டல் ஒன்றில் நடந்த பழைய படச்சுருள் சந்தையில், அர்ஷாக் பொயாஜியன் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தபோது எல்லா எண்களும் குறுக்கே அடிக்கப்பட்டு, விலை அட்டையின் அடியில் பென்சிலால் “பேசிக்கலாம்” என்று எழுதியிருந்தது.

ஒரு கம்பள வியாபாரியின் காதுக்கு இதைவிட இனிய சங்கீதம் கிடையாது. வேறு நாளாக இருந்தால் அர்ஷாக் சட்டைக்கையை மடித்துவிட்டிருப்பார். அன்றைக்கு அவர் முகம் சாவு வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி இருந்தது. காரணம், சற்று முன்னால் ஹோட்டல் வாசலிலேயே திரைப்பட மன்றத்து நண்பர் மெர்ல் டன்ஃபி அவரைப் பிடித்து நிறுத்தித் துக்கம் விசாரித்துவிட்டார்.

“வந்துட்டியா அர்ஷாக்? மொதல்ல உக்காரு.”

“பாஸ்டன் பக்கத்துலேர்ந்து கொலம்பஸ் வரைக்கும் உக்காந்துதான்யா வந்தேன். நிக்க விடு.”

“உன் படம் இருக்கு.”

“எது?”

“மழைக்குச் சாட்சி. பல்கேரியாப் படம். நெஜமாவே அப்படி ஒண்ணு இருக்கு. நீ இத்தனை வருஷமா புளுகலன்னு இப்பத் தெரியுது. அதுக்கு மன்னிச்சுக்க.” டன்ஃபி தொப்பியைக் கழற்றினார். “ஆனா செத்துப்போச்சு. வினிகர்.”

கார் டிக்கியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த சிர்வார்ட், அர்ஷாக்கின் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல், “அப்பாடா, செத்த பிறகாவது அந்தப் பேச்சு நிக்குமா?” என்றார்.

அந்தப் பேச்சின் வரலாறு நீளமானது. பாஸ்டனை ஒட்டிய வாட்டர்டவுனில் அர்ஷாக்கின் கம்பளக் கடைக்கு மேல்மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு திரைப்பட மன்றம் கூடும். சுருட்டி வைத்த கம்பளங்கள்தான் நாற்காலி. பின்லாந்தில் எடுத்து பின்லாந்துக்காரனே பார்க்காத படம், பெரு நாட்டில் எடுத்து இயக்குநரின் அம்மாவே பாதியில் எழுந்துபோன படம், செனகலில் எடுத்து ஒரே வாரம் ஓடிய படம், இப்படி உலகம் கவனிக்காமல் விட்ட நல்ல படங்களாகத் தேடிப் பிடித்துப் பார்ப்பது அவர்கள் தொழில். ஒவ்வொரு படம் முடிந்ததும் அர்ஷாக் எழுந்து, “நல்லாத்தான் இருக்கு, ஆனா மழைக்குச் சாட்சி பாத்தா இதெல்லாம் படமே இல்லன்னுவீங்க” என்பார். கல்யாணம் நிச்சயமான புதிதில் சிர்வார்ட்டைக் கூட்டிக்கொண்டு பாஸ்டனில் ஒரு தியேட்டரில் பார்த்த படம். ஒரு கிராமத்தில் ஒருவன் மேல் வழக்கு. அவனுக்காகக் கோர்ட்டில் பேச ஒரே சாட்சி, அன்று இரவு பெய்த மழை. கடைசிக் காட்சியில் நீதிபதி கோர்ட்டுக்குள்ளேயே ஒரு கறுப்புக் குடையை விரித்து, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வழக்கைத் தள்ளுபடி செய்வார். அந்தக் குடை விரிகிற இடத்தை அர்ஷாக் நடித்தே காட்டுவார். கையில் குடை இல்லாவிட்டால் சின்னக் கம்பளம் ஒன்றைத் தலைக்கு மேல் பிடிப்பார்.

முதலில் எல்லோரும் ஆசையோடு கேட்டார்கள். பிறகு பொறுமையோடு கேட்டார்கள். பிறகு அகராதிகளில், அட்டவணைகளில், பழைய பத்திரிகைகளில் தேடினார்கள். எங்கும் இல்லை. சிர்வார்ட்டிடம் கேட்டால், “எனக்கு ஞாபகமில்ல, நான் தூங்கிட்டேன்” என்று முடித்துவிடுவார். போன வசந்தத்தில் டன்ஃபி மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: அக்டோபர் முதல் வெள்ளிக்குள் அர்ஷாக் அந்தப் படத்தைக் கொண்டுவந்து திரையில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் அதன் பெயரை இனி வாயால் சொல்லக் கூடாது. தீர்மானத்தை எதிர்த்து ஒரே ஒரு கை உயர்ந்தது. அது அர்ஷாக்கின் கை.

படத்தின் பெயரைச் சொல்லாமல் வாழ்ந்துவிடலாம். ஆனால் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் ஒரு கணக்கு உண்டு. கையில் இல்லாத சரக்கை விற்கிறவன் வியாபாரி இல்லை, திருடன். இத்தனை வருஷமாகத் தன் சொந்த மாடியில், சொந்த நண்பர்களிடம், காட்ட முடியாத கம்பளத்தை விற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அர்ஷாக்கின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

இப்போது சரக்கு கிடைத்துவிட்டது. பிணமாக.

“நானே டெஸ்ட் பண்ணினேன்யா,” என்றார் டன்ஃபி. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மன்றத்தின் படச்சுருள் அலமாரிக்கும் புரொஜக்டருக்கும் சாவி அவரிடம்தான். சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்கிற இடத்தில் நீலக் காகிதத் துண்டுகள் வைத்திருப்பார். “அமிலம் பட்டா மஞ்சளாகும். நேத்து சாயங்காலம் அந்த டப்பாக்குள்ள ஒண்ணு போட்டேன். காலையில பாத்தா முட்டை மஞ்சக்கரு. அந்தச் சுருள் நம்ம அலமாரி இருக்கற தெருவுக்குள்ளயே வரக் கூடாது. பக்கத்துல இருக்கற எல்லாத்தையும் கெடுத்துடும்.”

படச்சுருள்காரர்களுக்கு இது தெரிந்த பயம். பழைய சுருள் அழுக ஆரம்பித்தால் வினிகர் வாடை வரும். வாடை வந்தால் அது தொற்றும். அதனால் அந்தக் கூட்டத்தில் டப்பா மூடியைத் திறந்ததும் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் உள்ளே போகும். முலாம்பழக் கடையில் பெண்கள் முகர்ந்து பார்ப்பார்களே, அதே மாதிரி. ஹால் முழுக்க மேசைகள், மேசை முழுக்கத் தகர டப்பாக்கள், டப்பாக்கள் மேல் குனிந்த வழுக்கைத் தலைகள்.

ஓரத்தில் கிடந்த மேசையில் மட்டும் தலை ஒன்றும் குனியவில்லை. அங்கே ஆர்வில் ஸூக் என்கிற ஒஹாயோ விவசாயி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூடப்படுகிற பள்ளிக்கூடம், காலியாகிற சர்ச் ஹால், எங்கே பழைய சாமான் ஏலம் என்றாலும் போய் மொத்தமாக அள்ளிவருகிற ஆள். பல்கேரியர்களின் சர்ச் ஹால் ஒன்றைக் காலி செய்தபோது நாற்காலிகளோடு இந்தச் சுருளும் வந்திருந்தது.

அர்ஷாக் மேசைக்கு முன்னால் நின்றார். வேண்டிய கம்பளத்தை முதலில் பார்க்கக் கூடாது என்பது பால பாடம். அதனால் பக்கத்தில் கிடந்த தீயணைப்புப் பயிற்சிப் படம் ஒன்றை எடுத்துப் புரட்டினார், பெருமூச்சு விட்டார், வைத்தார். அடுத்தது பல் துலக்கும் முறை. அதற்கும் ஒரு பெருமூச்சு. பிறகு, போகிற போக்கில் என்பது மாதிரி, அந்த டப்பாவின் மூடியைத் தூக்கினார்.

வினிகர் குப்பென்று ஏறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. உண்மையான நீர்தான். நிச்சயதார்த்தம், பாஸ்டன், குடை எல்லாம் ஒரு கணத்தில் வந்து போயின. பிணத்தின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதுபோல இன்னொரு தடவை குனிந்து, நன்றாக உள்ளே இழுத்தார்.

வினிகருக்குப் பின்னால் பூண்டு நின்றுகொண்டிருந்தது.

மறுபடி இழுத்தார். பூண்டு. அதற்குப் பின்னால் சதகுப்பை. அதற்கும் பின்னால், கூச்சப்பட்டுக்கொண்டு, ஒரே ஒரு கிராம்பு.

படச்சுருள் அழுகினால் வினிகர் வாடை வரும். எந்த நாட்டுச் சுருளும் பூண்டும் கிராம்புமாக அழுகியதில்லை. பிறந்ததிலிருந்து சாப்பாட்டு மேசையில் அம்மா போட்ட ஊறுகாயும், பிறகு சிர்வார்ட் போட்ட ஊறுகாயும் சாப்பிட்டு வளர்ந்த மூக்கு அது. இது வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தண்ணீர்.

அர்ஷாக்கின் முகத்தில் ஒரு சதைகூட அசையவில்லை. உள்ளே மட்டும் கல்யாண மேளம்.

“பாவம்,” என்றார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. “முடிஞ்சிபோச்சு.”

“மோந்து பாத்துட்டீங்களா?” என்றார் ஆர்வில், தலையை நிமிர்த்தாமல். “சரி. மத்தவங்க மாதிரியே நீங்களும் போயிட்டு வாங்க சார்.”

“போகத்தான் போறேன். டப்பா நல்லா இருக்கேன்னு பாத்தேன். பழைய காலத்துத் தகரம்.”

“டப்பா எதுக்கு உங்களுக்கு?”

“என் பொண்டாட்டி பட்டன் போட்டு வப்பா.”

“பெரிய பட்டனா இருக்கும்போல.” ஆர்வில் இப்போது நிமிர்ந்து பார்த்தார். பார்வை அர்ஷாக்கின் அக்குளுக்குப் போனது. அங்கே ஒரு சின்னச் சிவப்புக் கம்பளம் சுருண்டிருந்தது. எங்கே போனாலும் ஒன்றை இடுக்கிக்கொண்டு போவது அர்ஷாக்கின் பழக்கம். கைவீசிக்கொண்டு பேரம் பேசினால் அவருக்குப் பேச்சு வராது. “அது என்ன?”

“இதுவா? இது விக்கறதுக்கு இல்ல.”

“விலை கேக்கலியே. சிமெண்ட் தரை, கால் விறைச்சிப்போச்சு. நாய்க்கும் ஒண்ணு வேணும்.”

அர்ஷாக் கம்பளத்தை மேசைமேல் பாதி விரித்தார். பாதிதான். மறு பாதியின் மூலையை அந்துப்பூச்சி தின்றிருந்தது. கடையில் மூன்று குளிர்காலம் விலைபோகாமல் கிடந்தது. விரித்த பாதியைத் தடவினார். “பாரசீகத்துல ஒரு கெழவி உக்காந்து நெய்ஞ்சது. கண்ணு போயிடிச்சி அவளுக்கு.”

“இந்தக் கம்பளத்தாலயா?”

“வயசாலதான். ஆனா இத நெய்யும்போது.”

ஆர்வில் கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். “சரி, மாத்திக்கலாம். ஆனா திருப்பிக் கொண்டுவந்து நிக்கக் கூடாது. நாத்தமடிக்குதுன்னு புகார் சொல்லக் கூடாது.”

“புகாரா? நானா?”

கை குலுக்கினார்கள். அர்ஷாக் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். நடையில் துக்கம் தெரிய வேண்டும் என்று எவ்வளவோ முயன்றார், கால் கேட்கவில்லை.

சிக்கல் ஹாலின் நடுவிலேயே ஆரம்பித்தது. டன்ஃபி கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு வழியை மறித்தார்.

“வாங்கிட்டியா? பைத்தியமா உனக்கு? அதத் தூக்கிட்டு என் மேசைப் பக்கம் வராத.”

அர்ஷாக் அவர் காதருகில் போய், “ஊறுகாய்” என்றார்.

“என்ன?”

“மெதுவா பேசு. இது வெறும் ஊறுகாய்த் தண்ணி. டப்பா மேலதான் ஊத்தியிருக்கு. சுருள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கு.”

“காகிதம் மஞ்சளாச்சேய்யா!”

“வினிகர்னா மஞ்சளாகத்தான் செய்யும். உன் காகிதத்துக்குச் சாவும் தெரியாது, சமையலும் தெரியாது.”

“இதையே வித்தவன் சொன்னா சிரிப்போம். இப்ப நீ வாங்கிட்ட, அதனால நீ சொல்ற.” டன்ஃபி குரலை உயர்த்தினார், வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய குரல். “என்னது, ஊறுகாயா?”

ஹாலில் வழுக்கைத் தலைகள் நிமிர்ந்தன. அர்ஷாக் ஓர மேசையைப் பார்த்தார். ஆர்வில் ஸூக்கும் நிமிர்ந்திருந்தார். ஒரு வியாபாரியின் வாழ்க்கையில் இதைவிடக் கெட்ட நிமிஷம் வராது. வாயை மூடிக்கொண்டால் பேரம் பிழைக்கும், படம் போய்விடும். இந்தச் சுருளை எந்தப் புரொஜக்டர்காரனும் தொடமாட்டான். அக்டோபரில் பெயர்கூடச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால், விற்றவன் முகத்துக்கு நேராக, உன்னை ஏமாற்றி வாங்கினேன் என்று கூவுவதாகும்.

அர்ஷாக் மூச்சை இழுத்துக்கொண்டார்.

“ஊறுகாய்தான்!” என்று கத்தினார். “பூண்டு இருக்கு, சதகுப்பை இருக்கு, கிராம்பு இருக்கு! இந்தப் படத்துக்கு ஒண்ணும் ஆகல!”

“அதத்தானய்யா நான் நேத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்!” என்று ஓர மேசையிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது.

ஆர்வில் எழுந்து நின்றுவிட்டார். “வேன்ல வரும்போது என் வீட்டுக்காரி எர்மா குடுத்தனுப்பின ஜாடி ஒண்ணு ஒடஞ்சி இது மேல ஊத்திடிச்சின்னு எத்தனை பேர்கிட்ட சொன்னேன்! ஒவ்வொருத்தனும் என் தோள்ல தட்டி, ‘ஆமாம்ப்பா, ஆமாம்’னுட்டுப் போறான். நான் விலையக் கொறைக்கக் கொறைக்க இன்னும் நம்ப மாட்டேங்கறான். கடைசியில வாயே வலிச்சிப்போயி விட்டுட்டேன்.”

ஹால் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர்கூட நம்பவில்லை. அழுகின சுருளை விற்கிற ஒவ்வொருவனிடமும் ஒரு கதை இருக்கும். பெயிண்ட் டப்பா பக்கத்தில் இருந்தது, சாலட் கொட்டிவிட்டது. இப்போது வாங்கினவனும் விற்றவனும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அர்ஷாக்கும் ஆர்விலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றார் அர்ஷாக்.

“ஊத்தினது எங்க ஊறுகாய் சார்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க ரெண்டாவது வாட்டி மோந்து பாத்தீங்க. அதுவரைக்கும் ஒருத்தனும் ரெண்டாவது வாட்டி குனியல. சரி, இந்த ஆளு சாப்பிட்டு வளந்தவரு, இவர்கிட்டயே இருக்கட்டும்னு விட்டேன்.” பிறகு சாவகாசமாக, “மூலையில பூச்சி தின்னது பரவால்ல. எங்க நாய் எப்படியும் அந்த மூலையத்தான் பிறாண்டும்” என்றார்.

அர்ஷாக் ஐம்பது வருஷ வியாபாரத்தில் முதல் தடவையாக ஒரே பேரத்துக்கு இரண்டாவது வாட்டி கை குலுக்கினார்.

ஹோட்டலில் படம் காட்டுகிற பெரிய அறைக்காரர்கள் டப்பாவைப் பார்த்ததுமே கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்புறம் ஆர்வில் தன் வேனிலிருந்து பள்ளிக்கூடத்துப் பழைய புரொஜக்டர் ஒன்றை இறக்கினார். “இதுக்கு வர்றதுக்கு இனி ஒரு வியாதியும் பாக்கியில்ல” என்றார். காலைச் சாப்பாட்டு அறை மதியம் காலியாக இருந்தது. சிர்வார்ட் தங்கள் அறைப் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு வந்து சுவரில் கட்டினார். பரிமாறும் பெண் அப்பம் சுடும் இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கி இடம் கொடுத்தாள். ஆர்வில் சுருளை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துச் சுற்றினார். நெளியவில்லை, முறியவில்லை, பாய் மாதிரிப் படிந்தது. கதவுக்கு வெளியே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். அதற்கு முன்னால், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே, டன்ஃபி.

அடியில் ஆங்கில வரிகளோடு படம் ஓட ஆரம்பித்தது.

ஒரு கிராமம். ஒருவன் மேல் வைக்கோல் போரைக் கொளுத்திவிட்டதாக வழக்கு. அன்று இரவு மழை பெய்தது, நனைந்த போர் எப்படி எரியும் என்கிறான் அவன். மழை பெய்ததா என்று விசாரித்துவரக் கோர்ட்டுக் குமாஸ்தாவை வீடு வீடாக அனுப்புகிறார்கள். ஒருத்தி கூரை ஒழுகுகிறது என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு மழையே இல்லை என்கிறாள். மழையில் நனைந்தேன் என்று ஒருவன் சொன்னால், அன்று இரவு அவன் வெளியே போனது மனைவிக்குத் தெரிந்துவிடும். பாதிரியார் மழை வேண்டி ஜெபித்தது அதற்கு மறுநாள்; முந்தின நாளே பெய்ததென்றால் ஜெபத்துக்கு என்ன மரியாதை? குமாஸ்தா காகிதங்களை இடுக்கிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டுவான். ஒவ்வொரு தட்டுக்கும் வாசலில் நின்றவர்களில் ஒருத்தர் இருவர் உள்ளே வந்தார்கள். அரைமணி நேரத்தில் யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சிரிப்பதற்கு வாய் மட்டும் போதவில்லை. டன்ஃபியின் வெளிக்காலும் உள்ளே வந்துவிட்டது.

கடைசிக் காட்சி. கோர்ட். வெளியே மழை கொட்டுகிறது. சொட்டச் சொட்ட நனைந்த குமாஸ்தா நீதிபதி முன்னால் நிற்கிறான். அர்ஷாக் நாற்காலி நுனிக்கு வந்து, “இப்பப் பாருங்க, இப்ப!” என்றார்.

நீதிபதி கேட்கிறார்: “இப்போது மழை பெய்கிறதா?”

குமாஸ்தா திரும்பி, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். தாடியிலிருந்து நீர் சொட்டுகிறது. “எனக்குத் தெரியவில்லை, ஐயா” என்கிறான்.

படம் முடிந்துவிட்டது.

ஆர்வில் புரொஜக்டரை நிறுத்தினார். பிறகு அந்த அறை கைதட்டிய தட்டலில் மேசைமேல் கரண்டிகள் குதித்தன. யாரோ ஆர்வில் ஸூக்கிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள். யாரோ அட்டையில் முதலில் எழுதிய நானூற்று ஐம்பதைப் போலப் பல மடங்கு தருவதாக அர்ஷாக்கின் காதில் சொன்னார்கள். அர்ஷாக்குக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“படம் அபாரம்யா,” என்றார் டன்ஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டு. “தீர்மானத்த நானே வாபஸ் வாங்கறேன். ஆனா ஒண்ணு சொல்லு. கொடை எங்க?”

அர்ஷாக்கின் முகம் வெளிறிவிட்டது. “வெட்டியிருக்காங்க. கடைசியில யாரோ வெட்டியிருக்காங்க.”

“வெட்டு ஒண்ணும் இல்ல சார்,” என்றார் ஆர்வில். “நான்தான சுத்தினேன். ஒட்டே கெடையாது.”

“நான் பாத்தேன்யா! கறுப்புக் கொடை! என் கண்ணால! ஹோகிஸ், நீயாவது சொல்லு.” அர்மீனிய மொழியில் ‘என் உயிரே’ என்கிற அந்தச் சொல்லை அவர் இக்கட்டில்தான் எடுப்பார்.

சிர்வார்ட் படுக்கை விரிப்பின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “கொடை இருந்துது,” என்றார். “ஆனா படத்துல இல்ல. எங்களுக்கு முன் வரிசையில. அந்தத் தியேட்டர் கூரை ஒழுகும். படத்துல மழை ஆரம்பிச்ச நேரத்துக்கு வெளியிலயும் ஆரம்பிச்சிடிச்சி. முன்னாடி உக்காந்திருந்த ஒரு பெரியவரு நிதானமா கொடைய விரிச்சிப் பிடிச்சிக்கிட்டாரு. தியேட்டரே சிரிச்சிது. நான் சிரிச்ச சிரிப்புல என் செருப்புக் கழண்டு போச்சு. நீ குனிஞ்சி தேடி எடுத்துக் குடுத்த.”

“நீ தூங்கிட்டேன்னு சொல்வியே!”

“அப்பறம் என்ன சொல்றது? நீ சொல்ற படம் நல்லா இருந்துது அர்ஷாக். அதக் கேட்டுக்கிட்டு இத்தனை பேர் உக்காந்திருக்காங்க. நடுவுல நான் எதுக்குக் கெடுக்கணும்?”

அறையில் இருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். டன்ஃபி மட்டும் சிரிக்கவில்லை. சட்டப்படி பேசுகிற முகத்தோடு, “சரக்கு சொன்ன மாதிரி வரலையே. கொடையோடன்னுதான வித்த?” என்றார்.

“வரும்” என்றார் அர்ஷாக்.

அக்டோபர் முதல் வெள்ளியில் வாட்டர்டவுன் மாடியில் உட்காரக் கம்பளம் போதவில்லை. கொலம்பஸில் மூக்கைப் பிடித்தவர்களில் சிலர்கூட வந்திருந்தார்கள். ஊறுகாய் வாசம் இன்னும் லேசாக இருந்தது. அதையும் இப்போது படத்தின் சிறப்பு என்று பேசிக்கொண்டார்கள். கடைசிக் காட்சியில் மழை கொட்ட ஆரம்பித்ததும் முன்வரிசையில் சிர்வார்ட் எழுந்திருக்காமல், திரும்பிப் பார்க்காமல், ஒரு கறுப்புக் குடையை நிதானமாக விரித்துப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்தவர்கள் மறைக்கிறது என்று கத்தினார்கள். அர்ஷாக் சிரித்த சிரிப்பில் உட்கார்ந்திருந்த கம்பளத்திலிருந்து சரிந்தார்.

அன்று கடையைப் பூட்டும்போது, வழக்கம்போல, மனசுக்குள் கணக்குப் போட்டார். கொடுத்தது: மூலை போன சிவப்புக் கம்பளம் ஒன்று. வந்தது: பழுதில்லாத படம் ஒன்று. மன்றத்துக்குச் சேரவேண்டிய குடை, கொடுத்தாயிற்று. சிர்வார்ட்டின் சிரிப்பு, அந்தத் தியேட்டரில் கிடைத்தது என்பதே தெரியாமல் இத்தனை வருஷம் கையில் இருந்தது. அது வரவில் சேர்ந்தது. கொலம்பஸில் ஆர்வில் வழியனுப்பும்போது எர்மாவின் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கையில் திணித்து, “ஜாடிய மட்டும் திருப்பி அனுப்பிடுங்க சார், எர்மா எண்ணி வச்சிருக்கா” என்று சொல்லியிருந்தார். ஊறுகாய் போன வாரமே தீர்ந்துவிட்டது.

ஆக, பாக்கி: காலி ஜாடி ஒன்று.